முதல் அறுப்பு ரொட்டி

கடைக்காரர் எடுத்து வைத்த ஈஸ்ட் பாக்கெட்டின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

"ஹலோ... நான்தான் முதல்ல கேட்டேன்," என்றாள் இசைவாணி.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றான் அவன்.

விழுப்புரம் மார்க்கெட் தெருவில் ஐப்பசி மழை ஜோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் இருந்ததோ அந்த ஒரே பாக்கெட். அவள் நிமிர்ந்து முறைத்தாள். நெற்றி முடியில் தண்ணீர் சொட்ட, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... சே, என்ன இப்படிப் பார்க்கிறான்!

"உங்களுக்கு எதுக்குங்க ஈஸ்ட்டு?"

"தங்கச்சிக்குப் பொறந்தநாளு. கேக் செய்யலாம்னு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கேக்குக்கு யாருங்க ஈஸ்ட் போடுவாங்க? பேக்கிங் பவுடர் வாங்கிக்கினு போங்க."

அவன் காதுமடல் சிவந்துவிட்டது. பாக்கெட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

மழை விடவில்லை. கடையின் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் ஒதுங்கி நின்றார்கள். பெயர் புகழேந்தியாம். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் விவசாயக் குடும்பம். திண்டிவனத்தில் டிராக்டர் ஷோரூமில் வேலை. அவள் கண்டமங்கலத்துப் பக்கம். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க ஊர் சர்ச்சுல அறுப்பின் பண்டிகைங்க. அவங்கவங்க நிலத்துல விளைஞ்சத கொண்டாந்து படைப்பாங்க. நான் எங்க கேப்பையில ரொட்டி சுட்டு வைக்கப்போறேன்."

"செய்யத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா செய்வேன்."

பஸ் வந்தது. "ரொட்டி வந்தா போட்டோ அனுப்புங்க," என்றான். முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு நம்பர் கொடுத்தோம் என்று கண்டமங்கலம் வரை தன்னையே திட்டிக்கொண்டு போனாள்... திட்டும்போதே உதட்டோரம் சிரிப்பும் வந்து தொலைத்தது.

வீட்டில் மாவு காத்திருந்தது. கேப்பை மாவில் ஈஸ்ட்டைக் கலந்து, கொதிக்கிற பாலை ஊற்றிப் பிசைந்து மூடி வைத்தாள். மாவு அசையவே இல்லை. குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு, உள்ளே தட்டை வைத்துச் சுட்டாள். வந்தது ரொட்டி இல்லை, செங்கல். அம்மா தட்டிப் பார்த்துவிட்டு, "சுவரு வைக்கலாம்டி," என்றாள்.

வெட்கத்தோடு போட்டோ அனுப்பினாள். உடனே பதில் வந்தது. 'எதுக்குக் கஷ்டப்படறீங்க? திண்டிவனத்துல நல்ல பேக்கரி இருக்கு. நானே வாங்கிக்கினு வந்து தர்றேன். யாருக்குத் தெரியப்போவுது?'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

'எங்க அப்பாம்மா இத்தினி வருஷமா அடுத்தவங்க வயலத்தான் அறுத்தாங்க. பண்டிகைக்குக் கடையில வாங்கித்தான் படைச்சோம். இந்த வருஷந்தான் எங்களுக்குன்னு அரை ஏக்கர். அதுல முதல் அறுப்பு இந்தக் கேப்பை. யாருக்கும் தெரியலன்னாலும் எனக்குத் தெரியுங்க.'

அனுப்பிவிட்டு போனை அணைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. அவன்மேல் ஏன் இவ்வளவு கோபம்? யாரோ ஒருவன் சொன்னால் இப்படி வலிக்குமா என்ன...

வலித்தால் வலிக்கட்டும். ரொட்டி வந்தாக வேண்டும்.

மறுநாள் மிச்ச ஈஸ்ட்டை எடுத்தாள். கொதிக்கிற பால்தான் அதைக் கொன்றிருக்கும் என்று அவளுக்கே புரிந்தது. இந்தமுறை விரல் பொறுக்கும் சூட்டில் பால், கொஞ்சம் சர்க்கரை. கேப்பை மட்டும் போட்டால் இழுபடாது என்று பாதிக்குக் கோதுமை. மழைக் குளிருக்கு, பாத்திரத்தை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி அடுப்போரம் வைத்தாள். திறந்து பார்த்தபோது மாவு இருமடங்காய் உப்பி நின்றது. "அம்மா... வந்துடுச்சும்மா!" என்று கத்தினாள்.

ஞாயிறன்று பீடத்தில் நெற்கதிர்களுக்கும் பூசணிக்கும் நடுவே அவள் ரொட்டி இருந்தது. மல்லாட்டைக் கடலைத் தோல் நிறத்தில், ஒருபக்கம் லேசாய்ச் சரிந்து. அப்பா அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவள் திகைத்து நின்றாள். சர்ச் கேட் அருகே தூறலில், குடைகூட இல்லாமல் புகழேந்தி.

"தப்பா பேசிட்டேன். மன்னிச்சுடுங்க," என்றான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பில்லை. "எங்க வயல்லயும் வருஷா வருஷம் அறுப்பு நடக்குது. அறுக்கறவங்க மூஞ்சிய நான் ஒருநாளும் நிமிந்து பாத்ததில்ல. நீங்க சொன்னப்புறந்தான் உறைச்சுது."

"இதச் சொல்லத்தான் இவ்ளோ தூரமா?"

"இல்ல..." முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. வீட்லயும் சொல்லிட்டேன். எந்த ஊரு, என்ன ஜனம்னு எல்லாம் சொன்னேன். அப்பா மூஞ்சி குடுத்துப் பேசல. அவரு பேசற வரைக்கும் நான் விடமாட்டேன். ஆனா... நீங்க வேணாம்னா, இப்பவே போய்டறேன்."

இவன் நனைகிறானே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. இவன் அப்பா பேசுவாரா? நம் அப்பா என்ன சொல்வார்? எதுவும் தெரியவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். "அப்பா... கொஞ்சம் இங்க வாங்க."

"ஐயோ, இப்பவேவா?" புகழேந்திக்கு முகம் வெளுத்தது.

"ஒளிஞ்சு பேச எனக்கு வராதுங்க."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். யார் இது என்பதுபோல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இசைவாணி தாவணி முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து சொன்னாள்.

"அப்பா, இவரு பேரு புகழேந்தி... எனக்கு இவரப் புடிச்சிருக்குப்பா."