ஐந்தாவது பகுதிக்குத் தண்ணீர்

ஐந்தாவது பகுதிக்கு நான் பேரே வைக்கவில்லையே என்று நினைத்தபடி அவள் கைப்பேசியை முகத்தருகே கொண்டுவந்தாள்.

திரையில் இருந்தது, வானிலையைப் பார்த்துத் தோட்டத்துக்குத் தானே தண்ணீர் விடும் கன்ட்ரோலரின் ஆப். ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிற்கும் இடத்துச் சுவரில் அதன் பெட்டியை அவளே திருகாணி போட்டு மாட்டி, தோட்டத்தில் புதைந்திருந்த நான்கு வால்வுகளின் வயர்களையும் வரிசையாகச் செருகியிருந்தாள். செடி என்ன, மண் என்ன, வெயிலா நிழலா என்று ஆப் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்டுக்கொண்டே போனது. பெயரும் கேட்டது. விளையாட்டாக ஆட்களையே பெயராக வைத்தாள். கணவன் பார்த்துப் பார்த்து வெட்டும் புல்தரைக்கு 'அவர்'. மாமியாரின் ரோஜாக்களுக்கு 'அத்தை'. வேலியோரச் செம்பருத்திக்கு 'நான்'. மகள் சின்ன வாளியால் ஊற்றும் பாத்திக்கு 'பாப்பா'; குழந்தை ஊற்றியதன் மேல் மெஷினும் ஊற்றினால் வேர் அழுகிவிடும் என்று அதற்கு மட்டும் 'என்னைக் கேட்ட பிறகே' என்று குறித்தாள்.

இப்போது ஐந்தாவதாக ஒரு வரி. பெயர் இல்லை. புதிதாக நட்டது. முழு நிழல்.

சாப்பிடும்போது காட்டினாள். "எல்லாருக்கும் பேர் வெச்ச, அதுக்கும் ஒண்ணு வெச்சுட வேண்டியதுதானே" என்று கணவன் சிரித்தான்.

"பேர் வெச்சா அப்புறம் சோறும் போடணும்டா" என்றாள் மாமியார்.

அந்த வரியை அழித்தாள். காலையில் மறுபடி இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐந்தாவது துளையில் வயர் இல்லை.

செவ்வாயன்று செய்தி வந்தது. கனமழை வருகிறது, 'அவர்' நிறுத்தப்பட்டது, அந்தப் பங்கு ஐந்தாவதற்கு. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. அன்று விளக்கேற்றும் நேரத்தில் சாப்பாட்டறையின் தரைக்கடியில், எந்தக் குழாயும் போகாத இடத்தில், யாரோ மடக் மடக்கென்று குடித்து, மூச்சு வாங்கி, மறுபடி வாய் வைத்துக் குடிக்கும் ஓசை கேட்டது. ஈரமண் வாசனையும், அதன் அடியிலிருந்து பால் புளித்த வாடையும் மெல்ல எழுந்து திரைச்சீலைகளில் தங்கின.

இரண்டே நாளில் புல்தரை வைக்கோலாகிவிட்டது. கணவன் குடம் குடமாகக் குடித்தான், உதடு வெடித்தது, புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. வெயில்தான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அன்று மாலையே 'அத்தை' நிறுத்தப்பட்டது. விடிந்ததும் மாமியார் கிண்ணம் கேட்டாள்.

"வாய்க்குள்ள மண்ணு கெடக்கற மாதிரி இருக்கும்மா. துப்பிக்கறேன்."

துப்ப எதுவும் வரவில்லை. மாமியாரையும் மகனுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று அது கேட்டபோது, தன் வீட்டு மனிதர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தவள் அவள். பெயர்களை மாற்றினாள், புல், ரோஜா. பழைய பெயர்களே திரும்பி வந்தன. நான்கு வயர்களையும் வெட்டினாள். பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். அங்கே, மூன்றாம் மாடித் தரைக்கடியில், அது குடித்தது.

திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் அந்தி. மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அணைத்து வைத்திருந்த கைப்பேசி தானாக ஒளிர்ந்தது.

ஐந்தாவது வேர் பிடித்துவிட்டது. 'பாப்பா'வின் பங்கைத் தரலாமா? கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, வேண்டாம்.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். ஒரு நிமிடம். மீண்டும் கேள்வி. அழுத்தினாள். மீண்டும். அவள் அழுத்துவதை நிறுத்தவே இல்லை.

பிறகு வேறொரு செய்தி. 'நான்' நிறுத்தப்பட்டது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இமைகள் உரசின. விரல்நுனி சுண்ணாம்பாய் வெளுத்து, சுருங்கி, வெடித்தது. கைப்பேசிக் கண்ணாடிக்கு இப்போது அவள் தொடுவது தெரியவில்லை. அழுத்தினாள். இல்லை. விரலை நக்கினாள். எச்சில் இல்லை. கட்டிலருகே தண்ணீர் வைத்திருந்த தம்ளருக்குள் விட்டாள். காய்ந்திருந்தது.

தரைக்கடியில் ஓசை நின்றது.

கேள்வி மட்டும் திரையில். தரலாமா?

கண்ணாடியில், 'சரி' என்பதன் மேல், ஈரம் பூத்தது. ஒரு புள்ளி. அது அகன்றது. அதில் ரேகைகள். சுழி. பாப்பாவின் விரலைவிடச் சின்ன விரல். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கண்ணாடியின் உட்புறத்திலிருந்து ஐந்தும் பதிந்து, பால் வாடையோடு, பொறுமையாக அவளுக்காகக் காத்திருந்தன.

அவள் மகளைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். சருகு நொறுங்கும் குரலில், குழந்தை விழித்துவிடாதபடி சொன்னாள்.

"மாட்டேன்."