துள்ளாத மீன்கள்

கொக்குகள் எல்லாம் அன்று ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி கரையேறிய அம்சவள்ளியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மாசி மாதத்துப் பனி இன்னும் தண்ணீர்மேல் படுத்துக்கிடந்தது. மதகின் இடுக்கில் நீர் ஒழுகும் சத்தமும், நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள் காற்று உரசும் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. கொக்கும் நீர்க்காகமும் கரை நெடுக வரிசையாக வயல் பக்கம் பார்த்து நின்றன. கால்மாட்டில் அவ்வளவு மீன் இருந்தும் ஒரு பறவைகூடத் திரும்பவில்லை.

கீழே அவள் தம்பி மதுரைவீரன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான்.

“கொக்கு ஏன்டா இப்படி நிக்கிது?”

“பனிக்கா இருக்கும்க்கா.”

விக்கிரமங்கலத்துக்கு மேற்கே இருந்த அந்த ஆலம்பள்ளத்து ஏரியை அந்த வருஷம் அவன்தான் ஏலம் எடுத்திருந்தான். ஐப்பசியில் கொட்டிய மழையில் ஏரி தளும்ப நிரம்பியது. கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விட்டான். விராலும் கெண்டையும் ஏற்கெனவே கிடந்தன. புருஷனைப் பறிகொடுத்து வந்த அம்சவள்ளிக்குத் தம்பியைத் தவிர யாரும் கிடையாது. இந்த மீனை விற்றுத்தான் பங்குனியில் உடையார்பாளையத்துச் சத்யாவை அவனுக்குக் கட்டிவைப்பதாக இருந்தாள்.

மார்கழிக் குளிரில் மீனுக்குப் புண் வந்தது. விரால்களின் விலாவில் முதலில் செம்புள்ளி. பிறகு அது குழிந்து, சதை தெரியும் வட்டப் புண். கரை முழுக்க அழுகல் வாடை. மீன்வளத் துறையிலிருந்து அருள் பிரகாஷ் என்ற அதிகாரி வந்து பார்த்தார். குளிருக்கு வருகிற நோய்தான், சுண்ணாம்பு போடுங்கள், வெயில் ஏறினால் போய்விடும் என்றார். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார்கள். அவர் சொன்னபடியே தை கடைசியில் புண்கள் ஆறின. அழுகல் வாடையும் போயிற்று. ஆனால் அதோடு ஏரியின் சேற்று வாடையும், பாசி வாடையும், எல்லா வாடையும் போயிருந்ததை அம்சவள்ளி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுரைவீரன் வலையைக் கரையில் உதறினான். கையளவுக் கட்லாக்கள், வழுவழுவென்று இரண்டு விரால்கள். எதுவும் துள்ளவில்லை. செவுள் திறந்து மூடியது, கண் பளபளத்தது, உயிர் இருந்தது. வாரி அன்னக்கூடையில் போட்டபோது விரல்களுக்கு நடுவே ஒரு வால்கூட அடிக்கவில்லை. அவள் இத்தனை வருஷம் மீனைத் தொட்டவள். அந்தக் கனம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூடைக்குள் தண்ணீர் ஊற்றினாள். மீன்கள் மெதுவாக அசைந்தன. ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. எல்லாத் தலையும் ஏரிப் பக்கம்.

கூடையை அரை வட்டம் சுற்றிவைத்தாள். மீன்கள் மறுபடி திரும்பின. ஏரிப் பக்கம்.

அன்று அவள் சந்தைக்குப் போகவில்லை. மீனைத் திருப்பி ஏரியிலேயே கொட்டிவிட்டு, அதிகாரிக்குப் போன் போடச் சொன்னாள். அவர் மதியமே வண்டியில் வந்துவிட்டார். தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தார். மதுரைவீரன் மறுபடி வலை விரித்துப் பிடித்துக் கொடுத்த ஒரு விராலைக் கையில் எடுத்துப் புரட்டினார். ஆறிய புண் இருந்த இடத்தில் செதில் இல்லாத வட்டத் தழும்பு. அடுத்த மீனிலும் அதே இடத்தில் அதே வட்டம். அதற்கடுத்ததிலும்.

“என்ன சார் நோயி இது?”

அவர் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நோயே இல்லம்மா. தண்ணி நல்லாருக்கு, மீனும் நல்லாருக்கு. மருந்து போடறதுக்கு ஒண்ணும் இல்ல.” வண்டியை உதைத்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கொஞ்ச நாளைக்கு யாரும் தண்ணில இறங்காதீங்க.”

தம்பி இறங்கினான். வலை உள்ளே கிடக்கிறதே என்றான். மறுநாளும் இறங்கினான். அதற்கடுத்த நாள் வலையை வீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

கெண்டைக்காலில் அந்தச் செம்புள்ளியை அவள் பார்த்தது, அவன் கைலியை மடித்துக்கட்டிச் சாப்பிட உட்கார்ந்தபோது. காசளவு இருந்தது. இரண்டு நாளில் குழிந்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லையென்று சிரித்தான். அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் அதன் விளிம்பைக் குத்திப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். வாரத்துக்குள் புண் ஆறியும்விட்டது. வட்டமாக, மயிர் முளைக்காத, வழுவழுத்த தழும்பு.

அதன் பிறகு அவன் சத்தம் போட்டுப் பேசுவதை விட்டான். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அந்தச் சுவருக்கு அப்பால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் ஏரி. தட்டை அந்தப் பக்கம் வைத்தாலும் இந்தப் பக்கம் வைத்தாலும் அவன் முகம் அங்கேதான். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கிற பேச்சை எடுத்தாள். “எடுக்கலாம்க்கா,” என்றான். சத்யா யாரென்றே தெரியாத ஒருவன் மரியாதைக்குச் சொல்வதுபோல் இருந்தது.

அவனை ஊரைவிட்டே கொண்டுபோய்விட முடிவு செய்தாள். உடையார்பாளையத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டால், தண்ணீர் கண்ணில் படாமல் இருந்தால், சரியாகிவிடும். பஸ் ஏறினார்கள். அவன் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். முந்திரித் தோப்புகள் இரண்டு பக்கமும் ஓட, சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியே வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்சீட்டுப் பெண்பிள்ளை கூச்சத்தில் இடம் மாறினாள். இறங்கியதும் மாமாவுக்குப் பழம் வாங்க அம்சவள்ளி கடையில் திரும்பினாள். அவ்வளவுதான். அவன் இல்லை.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். பாதி வழியில் அவன் போய்க்கொண்டிருந்தான். செருப்பு இல்லை. உச்சி வெயிலில் உருகிய தார்மேல், ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி அவன் கையைப் பிடித்தாள். பாதம் கிழிந்து ரத்தம் தாரில் அச்சாகப் பதிந்திருந்தது.

“வலிக்கலையா தம்பி?”

“வூட்டுக்குப் போறேன்க்கா.”

அவன் போய்க்கொண்டிருந்தது வீட்டுக்கல்ல என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது. என்னவென்று சொல்வது. தண்ணீர் நன்றாக இருக்கிறது. மீன் நன்றாக இருக்கிறது. தம்பிக்குப் புண் ஆறிவிட்டது.

அன்று கதவைத் தாழிட்டுத் தன் முந்தானையை அவன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுப் படுத்தாள். இருட்டில் அவன் பேச்சு கேட்டது. மெதுவாக, பிள்ளையைத் தூங்கப்பண்ணுகிற குரலில்.

“பயப்படாதக்கா. அங்க ஒண்ணும் நோவாது.”

விடியலில் விழித்தபோது முந்தானை நனைந்திருந்தது. முடிச்சு அவிழவில்லை. போட்டபடியே இருந்தது. உள்ளே கை மட்டும் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

ஓடினாள்.

கரையில் ஒரு கொக்கும் இல்லை. பனி. சாம்பல் நிறத் தண்ணீர். அவன் மார்பளவு ஆழத்தில் நின்றான். முகம் ஏரியின் நடுவை நோக்கி.

“வீரா, வந்துர்றா. அக்கா கூப்புடுறேன்ல.”

அவன் அசையவில்லை. இறங்கினாள். தண்ணீர் குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. சேறு காலை மெத்தென்று வாங்கிக்கொண்டது. கையை எட்டிப் பிடித்தாள். இழுத்தாள். அவன் எதிர்த்து இழுக்கவில்லை. அவன் கை அவள் பிடியில் வழுக்கியது. தோள்பட்டையைப் பிடித்தாள். வழுக்கியது. முதுகு முழுக்க வட்டம் வட்டமாகத் தழும்பு. பிடிக்க ஓரிடம் இல்லை.

“எவ்வளவோ எடம் இருக்குக்கா,” என்றான்.

முழங்காலை மடக்கி உட்காருவதுபோல் கீழே போனான். அலை இல்லை. குமிழி இல்லை.

அவள் கத்தினாள். கையால் துழாவினாள். மூச்சை அடக்கி முங்கித் தேடினாள். சேறு. வெறும் சேறு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த பெரியசாமியும் இன்னும் சிலரும் ஓடிவரும் சத்தம் கேட்டது. தூரத்தில். வெகு தூரத்தில்.

அப்போது மீன்கள் மேலே வந்தன.

தண்ணீரில் காற்றுக் குறைந்த விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இது அப்படியில்லை. பனி விலகிய மட்டும், மதகிலிருந்து எதிர்க்கரை வரை, தண்ணீரே தெரியாமல் வாய்கள். கட்லா, கெண்டை, விரால். எல்லாம் அவளைப் பார்த்து. எல்லாம் மூடியிருந்தன.

ஒரே நேரத்தில் திறந்தன. ஒரே நேரத்தில் ஒடுங்கின. மறுபடி அகலத் திறந்தன.

முதலில் நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

மறுபடி.

இப்போது அதில் குரல் இருந்தது. ஏரி முழுக்க, தாழ்ந்த, பொறுமையான, அவள் தூக்கி வளர்த்த குரல்.

“அக்கா.”