நூற்கூட்டின் கடைசி அத்தியாயம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு உதயகலாவின் கைபேசி ஓயவில்லை. முதல் அழைப்பு ரொறன்ரோவிலிருந்து வந்தது. அடுத்தது லண்டன். மூன்றாவதாக அழைத்த பெண் வணக்கம்கூடச் சொல்லாமல், "கதையிலை வாற புத்தகக்கடைக்காரன் உங்கடை மனுசன்தானே?" என்று கேட்டாள்.

உதயகலா நூற்கூடு செயலியைத் திறந்து, அதில் தொடராக வந்த தனுசியாவின் நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிக்கவிட்டாள். செயலிக்குள் இருந்த பெண்குரல் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனது. சுன்னாகத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் குடும்பஸ்தன். நீர்வேலியிலிருந்து அவனிடம் இரகசியமாக வந்துபோகும் ரீச்சர். பெயர்கள் மாறியிருந்தன, ஆட்கள் மாறவில்லை. 'மௌனம்' என்ற சொல் வந்த மூன்று இடங்களிலும் குரல் இடறி 'மெ-ள-னம்' என்றது. மூடப்போகிற செயலி, அதற்கும் மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்டு முடித்ததும் அவள் மனதில் முதலில் எழுந்தது கோபமில்லை, ஒரு சின்னச் சந்தோசம். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

நூற்கூடு அவள் கணவன் பார்த்தீபனுடைய செயலி. கைபேசியில் தமிழ்ப் புத்தகம் வாசிக்கலாம் என்று சொன்னால் ஆட்கள் சிரித்த காலத்தில், 2012இல், சுன்னாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாடியறையில் அவனும் லோஜன் என்ற பொடியனும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் தியாகராசா மாஸ்டர் எழுதிய நாவல்தான் அதில் ஏறிய முதல் புத்தகம். ஊரைவிட்டுப் போனவர்கள் பனிக்குள்ளும் ரயிலுக்குள்ளும் இருந்து வாசித்தார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே எத்தனை பேர் வாசித்தார்கள் என்று காட்டும். பல காலம் மாஸ்டரின் நாவலே முதலிடத்தில் நின்றது.

பிறகு நீர்வேலி ரீச்சர் தனுசியா வந்தாள். முதல் நாவலிலேயே மாஸ்டரைக் கீழே தள்ளினாள்.

பார்த்தீபன் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து அவளுடைய வரிகளை வாய்விட்டு வாசிப்பான். "இந்தப் பிள்ளை எழுதினால் ஆள் கண்ணுக்கு முன்னாலை வந்து நிக்குது, கலா," என்பான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உதயகலா உடுத்த ஒரு சேலையைப் பற்றியும் அவன் அப்படி ஒரு வசனம் சொன்னதில்லை. நூற்கூட்டின் அத்தனை புத்தகங்களையும் பிழைதிருத்தியவள் அவள்தான். கண் எழுத்தைப் பார்க்க, காது குரலைக் கேட்க, ஒரு எழுத்துப் பிசகினாலும் பிடித்துவிடுவாள். ஆனால் தனுசியாவின் கடைசி நாவலைத் தொடமாட்டேன் என்று ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னபடி தொடவுமில்லை.

காலம் மாறியது. பெரிய நிறுவனங்களின் செயலிகள் வந்தன. புதிய கைபேசிகளில் நூற்கூடு அடிக்கடி நின்றது. ஆட்கள் வாசிப்பை விட்டுக் காணொளிக்குப் போனார்கள். அந்த மாதக் கடைசியோடு சேவை நிறுத்தப்படும், வேண்டிய புத்தகங்களை இறக்கிக்கொள்ளுங்கள் என்று பார்த்தீபன் அறிவித்தான். தனுசியாவின் நாவல் வாராவாரம் வந்து முடிய, நூற்கூடும் முடியும் என்பது ஏற்பாடு.

சனிக்கிழமை காலை மாடியறையில் லோஜன் கணினிப் பதிவுகளைப் பார்த்துச் சொன்னான். வியாழனன்றே தனுசியா அனுப்பிய அத்தியாயம் வெளிவரக் காத்திருந்திருக்கிறது. வெள்ளி முற்பகல் யாரோ அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார்கள். இதே அறையில், இதே கணினியில். யாருடைய கணக்கு என்று பார்த்தீபன் கேட்டபோது லோஜன் தலை குனிந்தான்.

"அக்காவின்ரை கணக்கு."

அந்தக் கணினி எப்போதும் உதயகலாவின் பெயரில்தான் திறந்து கிடக்கும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பார்த்தீபன் மனைவியை நிமிர்ந்து பார்த்த பார்வை அவளுக்கு விளங்கியது.

"வெள்ளிக்கிழமை இஞ்சை வந்தனீரோ?"

"வந்தனான். என்ரை குடையை எடுக்க."

"தனியவோ?"

"தனியத்தான்."

வெள்ளிக்கிழமை முழுக்கப் பார்த்தீபன் நீர்வேலியில் ஒரு செத்தவீட்டில் நின்றதை ஊரே பார்த்திருந்தது. இப்போதே செயலியை மூடிவிடப் போகிறேன், மானம் போனது போதும் என்றான். திங்கள்வரை பொறுக்கும்படி உதயகலா கேட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்து தனுசியா தொலைபேசி எடுத்தாள். தனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் கலியாணப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். அழுது முடித்த குரலில் நேரடியாகவே கேட்டாள்: "அக்கா, நீங்களோ செய்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை," என்றாள் உதயகலா. செய்யவில்லைத்தான். ஆனால் செய்திருக்கக்கூடியவள் என்று எல்லோரும் நினைப்பதில் பிழையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்காமல் இந்த வீட்டில் இனி நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது.

அவள் லோஜனைத் தனியே பிடித்தாள்.

"வெள்ளி காலமை ஆர் ஆர் வந்தது?"

"நான் கதவைத் திறந்தனான். நீங்கள் வந்து போனீங்கள். தியாகராசா மாஸ்டர் தன்ரை புத்தகங்களைப் பென் டிரைவிலை எடுக்க வந்தவர்."

"நீ முழு நேரமும் நிண்டனியோ?"

"வயர் வாங்கக் கடைக்குப் போட்டு வந்தனான். மாஸ்டர் இருந்தவர்."

"தனுசியாவின்ரை நாவலை நீ வாசிச்சனியோ?"

லோஜன் வெட்கப்பட்டான். "நான் கட்டினதுதான், அக்கா. ஒரு புத்தகமும் வாசிச்சதில்லை."

பிறகு மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். மாஸ்டர் நிதானமாகப் பேசினார். வந்தது உண்மை, தன்னுடைய மூன்று நாவல்களையும் எடுத்துக்கொண்டு போனது உண்மை, வேறெதிலும் கை வைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் எழுத்தைத் தான் வாசிப்பதேயில்லை என்றும் சொன்னார்.

அன்றிரவு உதயகலா முதன்முறையாகத் தனுசியாவின் நாவலைத் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அது வேறு எரிச்சல். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிந்தது. பொய் அத்தியாயத்தை எழுதியவர் தனுசியாவின் சொற்களை, வசனம் முடிக்கும் விதத்தை, ஒன்றுவிடாமல் படித்திருந்தார். லோஜனால் அது ஆகாது. பொறாமைப்பட்ட ஒருவர்தான் இவ்வளவு கவனமாக வாசித்திருப்பார்.

ஞாயிறு காலை. குருநகர் மீன்காரர் கொடுத்துவிட்டுப் போன பாரையை அவள் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கைபேசியில் செய்தி விழுந்தது. கை முழுக்கச் செதில் என்பதால் கைபேசியையே வாசிக்கச் சொன்னாள். நூற்கூட்டுக்குப் பொருத்திய அதே பெண்குரல்தான் அதிலும். செய்தி மாஸ்டருடையது.

"பிள்ளை, ஊர் வாயை மூடேலாது. நீர் ஒண்டுக்கும் பதில் சொல்லாதையும். மெ-ள-னமே நல்ல மருந்து."

கத்தி நின்றது. திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, லோஜனும் தனுசியாவும் தனக்கு அனுப்பிய பழைய செய்திகளை எல்லாம் தேடி ஒவ்வொன்றாகக் குரலில் போட்டுக் கேட்டாள்.

பின்னேரம் எல்லோரையும் மாடியறைக்கு வரச் சொன்னாள். தனுசியா கதவோரம் நின்றாள். மாஸ்டர் கதிரையில் அமர்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வெள்ளியன்று இந்த அறைக்குள் வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு வசனம் தட்டவேண்டும் என்று உதயகலா சொன்னாள். 'அவள் மௌனமாக நின்றாள்.' அவ்வளவுதான்.

முதலில் அவள் தட்டினாள். பிறகு லோஜன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்து, இரண்டு விரலால் தட்டினார். திரையில் மூன்று வரிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. பார்த்தீபன் புரியாமல் பார்த்தான்.

உதயகலா குரலை இயக்கினாள். அவள் மௌனமாக நின்றாள். அவள் மௌனமாக நின்றாள். அவள் மெ-ள-னமாக நின்றாள்.

"ஔகாரக் குறியின்ரை பின்பாதி பார்க்க ள மாதிரி இருக்கும்," என்றாள். "பழைய எழுத்துருவிலை தட்டிப் பழகின ஆக்கள் முன்னுக்கு ஒரு கொம்பும் பின்னுக்கு ஒரு ளகரமும் போடுவினம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குரலுக்குத் தெரியும். பொய் அத்தியாயத்திலை மூண்டு இடத்திலையும் அப்பிடித்தான். தனுசியா எழுதின முழு நாவலிலையும் ஒரு இடத்திலையும் அப்பிடியில்லை."

"யாழ்ப்பாணத்திலை பாதிச்சனம் அப்பிடித்தான் தட்டுது," என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர். ஆனால் பாதிச்சனம் வெள்ளிக்கிழமை இந்த அறைக்குள்ளை வரேல்லை. மூண்டு பேர்தான் வந்தது. இன்னொண்டு. இந்த நாவலை நான் பிழை பார்க்கமாட்டன் எண்டது உங்களுக்குத் தெரியும். நான் பார்த்திருந்தால் வியாழனே ஒருக்கால், வெளிவர முன்னம் ஒருக்கால் கேட்டிருப்பன். ஆள் அம்பிட்டிருப்பார். பழியும் என்னிலை விழும் எண்டு தெரிஞ்சுதான் செய்தனீங்கள்."

மாஸ்டர் பேசியபோது குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை.

"என்ரை நாவலோடைதான் இது துவங்கினது. மூடுற அறிவித்தலிலை என்ரை பேர் இல்லை. தனுசியாவின்ரை நாவலோடை நிறைவடையுது எண்டு போட்டியள். நான் செத்துப்போனனோ?"

பார்த்தீபன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். தனுசியா குறுக்கே வந்து நின்றாள். பொலிசும் வேண்டாம், அடிபிடியும் வேண்டாம், செய்தது தானென்று அவர் தன் பெயரில் எழுதிச் செயலியில் போடட்டும் என்றாள். அவர் உதயகலாவின் கணினியிலேயே இருந்து எழுதினார். எழுதியவர், தன் புத்தகங்களை உடனே எடுத்துவிடும்படி பார்த்தீபனிடம் கேட்டார். அவன் மறுத்துவிட்டான். முதல் புத்தகம் கடைசி நாள்வரை இருக்கும் என்றான்.

உண்மையான கடைசி அத்தியாயத்தை அன்று மாலையே ஏற்றினார்கள். அதற்கு முன் உதயகலா அதைக் கேட்டாள், ஒரு புள்ளிகூட விடாமல். இரண்டு எழுத்துப்பிழை பிடித்தாள். மாஸ்டரின் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு மாப்பிள்ளை தானே தனுசியாவுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினான். தாயைச் சமாளிப்பது தன் பொறுப்பு என்றானாம்.

தனுசியா புறப்பட எழுந்தபோது, பார்த்தீபன் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான். பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

"வையுங்கோ," என்றாள் உதயகலா. "நான் கூட்டிக்கொண்டு போறன்."

இருவரும் படியிறங்கிச் சந்தைப் பக்கமாக நடந்தார்கள். வெங்காய லொறிகள் ஒதுங்கி நின்றன. பாதித் தூரத்தில் தனுசியா கேட்டாள்.

"அக்கா, என்னிலை இன்னும் கோவமோ?"

உதயகலா கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம்," என்றாள். "ஆனால் அடுத்ததை எழுதினால் எனக்கு அனுப்பும். அவருக்கு அனுப்பவேண்டாம்."