எடை சரியாக இருந்த பொட்டலம்

பலகைகளாக வந்த பீரோப் பெட்டியின் மேல் டேப் இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தது. யாரோ ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிய பெட்டி. அதே பீரோ கம்பெனியில் ஸ்க்ரூ பொட்டலம் போடுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் பிரித்தான்.

கம்பெனியில் அவனுக்குத் தராசு என்று பெயர். எண்ணவே மாட்டான், எடைதான் போடுவான். எடை ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும். தன் நம்பர் சீட்டைப் பொட்டலத்துக்குள் போட்டு ஒட்டிவிடுவான்.

மனைவி போனில் அழைத்தாள். "என்னங்க, மாட்டியாச்சா? ஸ்கூல் வாசல்லயே பாப்பா பீரோ பீரோன்னு குதிக்கிறா."

"நீங்க வந்து சேர்றதுக்குள்ள நிமிர்த்திடுவேன். இது என்ன மலையா?"

மலையேதான். ஓட்டைக்கு நேராகக் கட்டை வரவில்லை, கட்டை வந்த இடத்தில் ஓட்டை இல்லை. இடது பலகையைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, உள்ளங்கை கன்றிப்போய், இதைக் கண்டுபிடித்தவன் வம்சத்தையே திட்டித் தீர்த்தான். விளக்கத்தாளில் எழுத்தே கிடையாது, படம்தான். கடைசிப் படத்தில் முகமில்லாத பொம்மை மனிதன் பீரோவுக்கு முதுகு கொடுத்து, கைகளை விரித்து நின்றான். வாசலில் இன்னொரு சின்ன உருவம். வழக்கமாக அந்தப் படத்தில் ஒரே ஆள் பக்கத்தில் நின்று சிரிப்பான். அச்சில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

பிறகுதான் ஸ்க்ரூ பொட்டலத்தைக் கொட்டினான். சீட்டில் பதினேழு. அவனுடைய நம்பர். பீரோவைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் கிளாம்ப் இல்லை. அதற்குப் பதில் இரண்டு தடித்த போல்ட்.

முன்பு கிளாம்ப் தீர்ந்துபோன ஒருநாள், எழுந்து போய்க் கேட்கச் சோம்பல்பட்டு, எடைக்கு எடை இரண்டு போல்ட்டைப் போட்டவன் அவன்தான். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு வீட்டில் பீரோ சாய்ந்தது. குளித்த ஈரத் தலையோடு ஓடிவந்து முதுகு கொடுத்துத் தாங்கிப் பிள்ளையை வெளியே விரட்டிய தாய், அடியிலேயே செத்துப்போனாள். விசாரணையில் தராசு சொன்னான்: "அவ புருஷனுக்கு மாட்டத் தெரியல சார். பொட்டலம் எடை சரியாத்தான் இருந்துச்சு." அந்தக் கணவன் தலைகுனிந்து நின்றான். பழி அவன் தலையில் விழுந்தது, தராசு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

ஏதோ தற்செயல். நாளைக்கு ஒரு கிளாம்ப் கொண்டுவந்தால் போயிற்று. இருந்த ஸ்க்ரூக்களை முடுக்கி, மூச்சைப் பிடித்துப் பீரோவை நிமிர்த்தினான். வெறும் பீரோ இத்தனை கனக்காது. புதுப் பலகையின் பசை நாற்றத்துக்கு நடுவே, இப்போதுதான் குளித்து வந்த தலைமுடியின் ஈர வாசனை. மூடிய பீரோக் கதவுக்குப் பின்னால் யாரோ சுவரை விட்டு மெல்ல நகர்வதுபோல ஒரு உரசல், அப்புறம் நீளமாக ஒரு மூச்சு.

தராசு திரும்பி ஓடப் பார்த்தான். பீரோ அவன் பின்னாலேயே சாய்ந்தது. முதுகில் மோதியது. கைகளை விரித்துத் தாங்கினான்.

காலடியில் விளக்கத்தாள் கிடந்தது. கடைசிப் படம். அதே நிற்பு. அதே கைகள்.

மாடிப்படியில் குதித்து வரும் செருப்புச் சத்தம். "அப்பா! நான்தான் முதல்ல பாப்பேன்!"

வராதே. கத்த வாய் திறந்தான். மூச்சு இல்லை. நெஞ்சு நசுங்கியது.

பின்கழுத்தில் ஈர முடி படிந்தது. காதோரம் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் கேட்டது.

"எடை சரியா இருக்கா?"

முதுகில் இன்னொரு ஆள் எடை மெதுவாக ஏறியது.

வாசல் கதவு திறந்தது. கைகளை விரித்து நின்ற அப்பாவைப் பார்த்ததும் பாப்பா பையைக் கீழே போட்டாள். தன்னைத் தூக்கிக்கொள்ளத்தான் நிற்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அவனை நோக்கி ஓடிவந்தாள்.