ஆயிரத்து இருநூறாவது நாடி

காலை பத்து மணிக்கே தெற்குவாசல் பலகை 1200 காட்டிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் பழைய ஊர் தாங்கக்கூடிய ஆள்கணக்கு அவ்வளவுதான். இனி ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே போகலாம். வரிசையில் சுற்றுலாக்காரர்கள் இளநீர் குடித்துக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் நின்றார்கள். முதல் ஆளாக நின்ற மங்கையர்க்கரசியின் கையில் மட்டும் ஒரு செம்பு பால்.

உள்ளே அவள் அண்ணன் செங்குட்டுவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். கடைசியாக வாயில் பால் ஊற்ற இவளை விட்டால் ஆளில்லை.

“உள்ள விடுப்பா அருளப்பா. அண்ணன் சாகக் கெடக்காரு.”

“கதவு என் பேச்சைக் கேக்காதேம்மா. விதியை எழுதினவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?” காவலாளி குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால், கூட்டம் மிதித்து மிதித்துத் தேரடித் தெருவே உள்வாங்கியபோது, நகரமைப்பாளர் மங்கையர்க்கரசி போட்ட திட்டம் இது. சீட்டை எண்ணினால் ஏமாற்றுவார்கள் என்று, வீட்டுத் தரை முதல் வீதிக்கல் வரை நாடியுணரிகளைப் பதித்து, துடிக்கிற இதயங்களை எண்ண வைத்தாள். குடியிருப்பவருக்கும் வந்தவருக்கும் ஒரே கணக்கு. முதலில் ‘உறவினர் உடல்நிலை’ என்று ஒரு விலக்கு இருந்தது. இல்லாத சித்தப்பாவைச் சாகக் கிடத்திவிட்டுப் படமெடுக்கப் பலர் நுழையவே, கோபத்தில் அந்த வரியை அடித்துவிட்டாள். “என் தங்கச்சி போட்ட கணக்குடா!” என்று அண்ணன் தெருவெல்லாம் பெருமை அடித்தார். ஊர் பிழைத்ததும் உண்மைதான், அதை இல்லையென்று சொல்ல முடியுமா?

போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஜமீலா. “அக்கா, அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டிருக்காரு. இன்னுமா விடலை?”

“இல்லடி.”

“அவரைத் தனியா விட மனசில்லாமதான் இருந்தேன். இருங்க, நானே வெளிய வந்துடுறேன். என் இடத்துல நீங்க வாங்க.”

மங்கையர்க்கரசி கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பலகை 1199 காட்டியது. கதவு திறந்தது.

“போங்கம்மா, இடம் கெடைச்சிருச்சு!” அருளப்பனுக்கும் சந்தோஷம்.

நல்லா இருப்பாள் மகராசி, அதற்குள் வந்துவிட்டாளே என்று வெளிவழியைப் பார்த்தாள். ஊரைவிட்டு வெளியே வர அது ஒன்றுதான் வழி. அங்கே யாரும் இல்லை. கம்பிகளுக்கு அப்பால், தெருவின் கோடியில், ஜமீலா முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

அண்ணனுக்குக் கொண்டுவந்த பாலைக் குனிந்து பார்த்தாள்.

“மேடம்,” பின்னால் நின்றவர் மரியாதையாகத்தான் கேட்டார், “நீங்க போகலைன்னா நாங்க போகலாமா?”

அவள் உள்ளே கால் வைத்தாள். பலகை மறுபடியும் 1200 காட்டியது.