மூன்றாம் கண்ணாடித் தகடு

மதியம் இரண்டு மணிக்கு, மூன்று கண்ணாடித் தகடுகளோடு பெய்லிங் இருட்டறைக்குப் போனாள். தைவானின் தைனான் நகரில் ஒரு பழைய மருத்துவக் கல்லூரியின் அடித்தளம் அது. வெளிச்சம் புகாதிருக்க, கதவுக்குப் பதில் ஒரு சுழல் உருளை. உள்ளே நின்று தள்ளிச் சுற்றினால் மறுபக்கம் திறக்கும். இரண்டாவது ஆளுக்கு அதில் இடமே கிடையாது.

இரண்டு தகடுகளில் திசு இருந்தது. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தகடு. சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கத் தடவும் ரத்தப் புரதம் மட்டும் அதில் பூசியிருந்தது. நுண்ணோக்கியில் அது கன்னங்கரேலென்றுதான் தெரிய வேண்டும்.

பச்சையாய் ஒளிர்ந்தது. கடுகளவு உள்ளங்கை ஒன்று, ரேகைகளோடு, கண்ணாடியை அடியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.

அது விரல்களை மடக்கியது.

பெய்லிங் உருளைக்குள் பாய்ந்து சுற்றினாள். திறந்தது.

அதே இருட்டறை.

மறுபடி சுற்றினாள். அதே அறை. பச்சை ரத்த வாடை குப்பென்று அடித்தது. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். தடவித் தடவிச் சுவர் ஃபோனை எடுத்து, தகடுகளைத் தயார் செய்து கொடுத்த ஆய்வக உதவியாளர் குவோவைக் கூப்பிட்டாள்.

"குவோ அண்ணே, இந்தப் புரதம் ஏது?" என்று கிசுகிசுத்தாள்.

"புதுசு தீந்துபோச்சும்மா. பழைய ஃப்ரீசர்ல கெடந்ததை ஊத்தினேன். உடல்தானம் பண்ணவங்களோடது."

"பேர் சொல்லிக் கும்பிட்டீங்களா?"

"ஒரு சொட்டுக்கெல்லாமா கும்பிடுவாங்க? பேர்ச்சீட்டையே கிழிச்சுப் போட்டுட்டேன்."

உடல் தந்தவர்களை அங்கே மௌன ஆசிரியர் என்பார்கள். பெயர் சொல்லித் தலை வணங்காமல் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள்.

"தேடுங்கண்ணே. என்னால வெளிய வர முடியல."

குப்பைக்கூடை உருளும் சத்தம் கேட்டது. மூச்சு இப்போது காதோரம் வந்துவிட்டது.

"கெடச்சுது. ஹோங் ஷியூலான்."

"ஹோங் ஷியூலான் ஆசிரியரே, மன்னிச்சிடுங்க," என்று மூன்று முறை குனிந்தாள். உருளைக்குள் ஏறிச் சுற்றினாள்.

நடைபாதை விளக்கில் கண் கூசியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடி வந்த குவோ சிரித்தார்.

"மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? பேயடிச்ச மாதிரி?"

"கையில அது என்னண்ணே, இன்னொரு சீட்டு?"

"ஒரு குப்பி பத்தல. ரெண்டைக் கலந்துதான் ஊத்தினேன்."

"இதுல என்ன பேரு?"

"மை கரைஞ்சு போச்சும்மா. ஒண்ணும் தெரியல."

அவள் முதுகுக்குப் பின்னால் உருளை சுழலத் தொடங்கியது. உள்ளே ஆள் நிற்கும் பாரத்தோடு, மெதுவாக.