கொப்புளத்து நீர்

தொட்டியில் வெந்நீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது. இகுயோவின் இடது கை சூடு தாங்காமல் விலகிக்கொண்டது. வலது மணிக்கட்டில் மட்டும் அதே நீர், பனிக்கட்டி கரைந்த தண்ணீர்போல் சில்லென்று பட்டது. குழாயை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் சில்லிப்புதான்.

மணிக்கட்டின் உள்பக்கம், எட்டு நாள் பழைய கீறலின் மேல், கடுகளவில் ஐந்து கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தன.

கியூஷுவில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் இருந்த அந்தக் குரங்குப் பூங்காவில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. கணவன் இறந்தபின் பணியாளர் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். காட்டிலிருந்து இறங்கிவரும் இருநூற்றுச் சொச்சம் குரங்குகளுக்குக் கோதுமை இறைப்பாள். அடிபட்டதை வலைபோட்டுப் பிடிப்பாள். அப்படிப் பிடித்த ஒன்றுதான் கையுறையைக் கிழித்து நகத்தால் இழுத்துவிட்டது. கீறலில் அதன் எச்சிலும் பட்டது. அவள் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலாளர் குரோகி வந்து நின்றார்.

"என்ன, கையையே கரைச்சிடுவ போலிருக்கே? கீழ டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது."

"கீறிடுச்சு, குரோகி-சான். எச்சிலும் பட்டுது. டாக்டர்கிட்ட..."

"கிளை கீறிச்சு. புரியுதா?" குரல் தணிந்தது. "குரங்குன்னு சொல்லிப் பாரு. நாளைக்கே மூடிடுவாங்க. அத்தனையையும் ஊசி போட்டுச் சாகடிப்பாங்க. பதினோரு வருஷம் தீனி போட்ட, நீயே கொன்னேன்னு பேர் வாங்கிக்கிறியா?"

பதிவேட்டில் 'கிளை' என்று அவரே எழுதினார்.

கொப்புளங்களைக் காட்டியதும் துறைமுகத் தெருவிலிருந்த டாக்டர் ஏத்தோவிடம் அவரே வண்டியில் கூட்டிப்போனார். பக்கத்து நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டார். டாக்டர் பூதக்கண்ணாடியை மணிக்கட்டின்மேல் பிடித்தார்.

"அம்மை வகை இல்ல. அதுன்னா கெட்டியா, நடுவுல குழி விழுந்து இருக்கும். இது கொத்தா, மெல்லிசா இருக்கு. எது கீறிச்சு?"

குரோகியின் முட்டி அவள் முட்டியை அழுத்தியது.

"கிளை," என்றாள்.

இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. போனில் டாக்டர் சிரித்தார். "சாதாரண ஹெர்பிஸ்தாம்மா. உதட்டுல கொப்புளம் வருமே, அதே கிருமி. ஊர்ல பாதிப் பேர் உடம்புல இருக்கு. களிம்பு தடவுங்க, போதும்."

அவளுக்கு மூச்சு திரும்பியது. அரை மணி நேரம்தான் அந்த நிம்மதி. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த எச்சரிக்கைத் தாள் அலமாரி அடியில் கிடந்தது. எடுத்துப் படித்தாள். குரங்குகளிடமும் ஒரு ஹெர்பிஸ் உண்டு. அவற்றை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மனிதனுக்குள் வந்தால் நரம்பைப் பிடித்துக்கொண்டு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறும். கால் விழும், பிறகு கை, பிறகு மூச்சு. ரத்தத்தில் தேடினால் இரண்டும் ஒரே முகத்தைத்தான் காட்டும். கொப்புளத்து நீரை எடுத்து, கிருமியின் மரபணுவைப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும்.

அதற்குள் சில்லிப்பு முழங்கையைத் தாண்டியிருந்தது.

மறுநாள் காலை அவள் கோதுமையை இறைத்தபோது குரங்குகள் வரவில்லை. குரோகி நின்ற பக்கத்தில் வழக்கம்போல் கீச்சிடலும் அடிதடியும். அவள் பக்கத்தில், கல் மேலும் வேலி மேலும் ஐம்பது அறுபது சிவந்த முகங்கள், காலடியில் சிதறிக் கிடந்த தீனியைக் குனிந்துகூடப் பார்க்காமல், ஈர மயிரின் நெடி காற்றில் கனக்க, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கையை அல்ல. முகத்தை. ஒரு தாய்க்குரங்கு உதடுகளை மெல்ல, சத்தமில்லாமல் திறந்து மூடியது. தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும்போது செய்வது அது. மனிதரிடம் செய்து அவள் பார்த்ததில்லை.

பஸ் பிடித்துத் தனியாக டாக்டரிடம் போனாள். உண்மையைச் சொன்னாள்.

"அன்னிக்குக் கிளைன்னீங்க. இன்னிக்குக் குரங்கா?" அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என் பரிசோதனை தப்புங்கிறீங்களா?"

"கொப்புளத்துத் தண்ணிய எடுத்து அனுப்புங்க டாக்டர். கெஞ்சிக் கேக்கறேன்."

இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் கீறினார். பஞ்சுக் குச்சியை அதில் உருட்டிக் குப்பியில் மூடினார். "தோக்கியோவுக்குப் போகும். ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் ஊர்ல வதந்தி கிளப்பாதீங்க." மாத்திரை எதுவும் எழுதவில்லை. கதவைத் தானே திறந்துவிட்டார். அவள் தொட்ட பிடியை அவர் துடைப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

இரண்டாம் நாள் பனி கொட்டியது. பஸ் இல்லை. பகல் பதினொரு மணிக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டுக்கு வலது கால் தன்னுடையதில்லாமல் போனது. குரோகியைப் போனில் கூப்பிட்டாள்.

"குரோகி-சான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கால் வரல."

"டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

"சரி. ஆம்புலன்ஸெல்லாம் கூப்பிடாத. மலைக்கு மேல ஏறாது. நானே வண்டி கொண்டு வரேன். கதவத் தாழ் போடாம வை."

தவழ்ந்துபோய்த் தாழை நீக்கினாள். வாசல் மேட்டிலேயே சாய்ந்தாள். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் பொத்தென்ற ஓசை, மண்ணெண்ணெய் அடுப்பின் வாசம், பலகை இடுக்கில் வழியும் வெளுத்த வெளிச்சம். தொலைவில் வண்டி கிளம்பியது. சங்கிலி கட்டிய சக்கரம் பனியை நொறுக்கும் சத்தம் நெருங்கியது. வாசலுக்கு நேரே வந்தது. வேகம் குறையவில்லை. தாண்டியது. வளைவில் இறங்கித் தேய்ந்து அடங்கியது.

கூப்பிட வாய் திறந்தாள். குரல் இல்லை.

இடது கையும் போயிற்று.

கூரைமேல் காலடி. ஒன்று. பிறகு பல. பனியில் மெத்தென்று குதிக்கும் ஓசைகள்.

கதவு நகர்ந்தது. ஒரு விரலளவு. ஒரு சாண். சிறிய கறுத்த விரல்கள் விளிம்பைப் பற்றியிருந்தன.

வந்தன. அவசரமில்லை. அடுப்பங்கரையில் உருளைக்கிழங்குக் கூடை திறந்தே கிடந்தது. ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாசல் முழுக்க ஈர மயிரும் சிவந்த முகங்களும்.

மேசைமேல் போன் அடித்தது. ஆறு முறை. பிறகு, பதிவுக்கருவியில் டாக்டர் ஏத்தோவின் குரல்.

"இகுயோ-சான், எடுங்க... முடிவு வந்திடுச்சு. குரங்கோடதுதான். என் தப்பு. வீட்டுலயா இருக்கீங்க? யாராவது கூட இருக்காங்களா? எடுங்கம்மா..."

முன்னால் வந்த தாய்க்குரங்கு அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டது. முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தது. பிறகு வலது கையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, ஒரு கொப்புளத்தை நகத்தால் மெல்ல உரித்து வாயில் போட்டுக்கொண்டது. வலிக்கவில்லை. அவளால் இமைக்க மட்டும் முடிந்தது.

மற்றவை சண்டையிடவில்லை. பின்னால் வரிசையாக உட்கார்ந்து, வாசலைத் தாண்டிப் பனிவரை, தங்கள் முறைக்காகக் காத்திருந்தன.